கூரை போல்ட் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா? இழுத்துப் பார்ப்பது எப்படி

சுரங்கக் கூரைப் பாறை விழாமல் பிடிக்கத் துளைபோட்டு ஏற்றிய போல்ட்டில், இழுத்துப் பார்க்க ஜாக்கை மாட்டி, கேஜ் பத்து டன் காட்டியதும் "பாஸ்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பத்து டன் எதை நிரூபித்தது என்று கேட்டால் பதில் வராது. முழு நீளத்துக்கும் ரெசின் (போல்ட்டைப் பாறையோடு ஒட்டும் பசை) போட்ட 1.8 மீட்டர் போல்ட்டைத் துளையின் வாய்ப்பக்கம் பிடித்து இழுத்தால், நல்ல பாறையில் அந்தப் பாரத்தை முதல் முப்பது நாற்பது சென்டிமீட்டரே வாங்கிக்கொள்ளும். அதற்கு மேலே ரெசின் இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று ஜாக்குக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கூரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது அந்த மேல் பகுதிதான்.

அதனால் பம்பைத் தொடுவதற்கு முன்னால் எதைத் தெரிந்துகொள்ள இழுக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். புது ரெசின் வந்திருக்கிறது, இந்தப் பாறையில் ஒட்டுமா என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்குக் குறுகிய ஒட்டு நீளச் சோதனை. ஏற்கெனவே அடித்த போல்ட் வடிவமைப்புப் பாரத்தைத் தாங்குமா என்றால் ஒரு குறிப்பிட்ட அளவு வரை மட்டும் இழுத்து நிறுத்தும் சோதனை. நுனியில் விரியும் ஷெல் உள்ள மெக்கானிக்கல் போல்ட் நழுவுகிறதா என்றால் நேரடி இழுவையே போதும், அங்கே பிடிப்பு நுனியில் மட்டும்தான் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே படிவத்தில் எழுதிக் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் புரியாது.

சாமான்கள்

நடுவில் ஓட்டையுள்ள ஹைட்ராலிக் ஜாக், கைப்பம்ப், ஹோஸ், பிரஷர் கேஜ், போல்ட்டின் மரையில் மாட்டும் இழுவைக் கம்பியும் கப்ளரும், ஜாக்கைத் தாங்கும் முக்காலிச் சட்டம், சாய்வைச் சரிசெய்யும் கோள வாஷர், 0.01 மி.மீ. படிக்கும் டயல் கேஜ், அதைப் பிடிக்கத் தரையிலிருந்து நிற்கும் ஒரு தனிக் கம்பம். அவ்வளவுதான். வாயு வரும் நிலக்கரிச் சுரங்கமாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அலுமினிய ஜாக் தூக்க இலகுவாக இருக்கும், ஆனால் இலேசான உலோகக் கலவை துருப்பிடித்த எஃகில் உரசினால் வாயுவைப் பற்றவைக்கும் பொறி பறக்கும். உங்கள் சுரங்கத்தில் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்காமல் உள்ளே எடுத்துப் போகாதீர்கள்.

கேஜ் காட்டுவது அழுத்தம், பாரம் அல்ல. பாரம் வேண்டுமென்றால் அழுத்தத்தை ஜாக்கின் பயன்படும் பரப்பால் பெருக்க வேண்டும். பரப்பு 45 சதுர செ.மீ. என்றால் 100 பார் அழுத்தத்தில் பாரம் 45 கிலோநியூட்டன், ஏறத்தாழ 4.6 டன். நடு ஓட்டையின் பரப்பைக் கழிக்க மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் உண்டு, அப்படிப் போட்டால் எல்லா போல்ட்டும் அமோகமாகப் பாஸ் ஆகிவிடும்! தயாரிப்பாளர் தரும் பரப்பை ஜாக்கின் மேலேயே பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுவது நல்லது. ஜாக்கும் கேஜும் ஒரே ஜோடியாகச் சரிபார்க்கப்பட்டு, அந்தச் சான்று காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

அப்புறம், இழுக்கும் முன்பே போல்ட்டில் எது முதலில் போகும் என்று கணக்குப் பாருங்கள். 22 மி.மீ. கம்பியின் பரப்பு சுமார் 380 சதுர மி.மீ. எஃகு 500 மெகாபாஸ்கலில் ஈல்ட் ஆகும் (திரும்பாதபடி நீளத் தொடங்கும்) தரம் என்றால் உடல் 190 கிலோநியூட்டன் தாங்கும். ஆனால் ஜாக் மாட்டும் கீழ் முனையில் எம்22 (22 மி.மீ.) மரை வெட்டியிருந்தால் அங்கே பயன்படும் பரப்பு 303 சதுர மி.மீ.தான், அதாவது சுமார் 150 கிலோநியூட்டனிலேயே மரை ஈல்ட் ஆகிவிடும். இது தெரியாமல் 180 வரை ஏற்றப் போனால் ரெசினைச் சோதிப்பதற்குப் பதில் மரையைப் பிய்த்துவிட்டு வருவீர்கள்.

துளையில்தான் பாதி விஷயம்

குறுகிய ஒட்டு நீளச் சோதனையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான தகவல் தருவது அதுதான். இங்கே போல்ட்டின் மேல் நுனியில் ஒரு சிறு நீளம் மட்டும், வழக்கமாக 300 மி.மீ., ரெசினில் ஒட்டும்படி செய்கிறோம். மீதி கம்பி துளைக்குள் சும்மா நிற்கும். நீளம் சிறியதாக இருப்பதால் எஃகு போவதற்கு முன்பே ஒட்டு போகும், ஒட்டின் வலிமை எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

அந்த 300 மி.மீ. உண்மையிலேயே 300 ஆக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். 27 மி.மீ. துளை, 22 மி.மீ. போல்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வளையத்தின் பரப்பு சுமார் 192 சதுர மி.மீ. 300 மி.மீ. நீளத்துக்கு அதை நிரப்ப 24 மி.மீ. விட்டமுள்ள ரெசின் கேப்ஸ்யூலில் (ரெசினும் கடினமாக்கியும் அடைத்த பிளாஸ்டிக் உறை) ஏறத்தாழ 127 மி.மீ. வெட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது துளைபோடும் பிட் ஆடியதாலோ பாறை உதிர்ந்ததாலோ துளை 28 மி.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே 127 மி.மீ. கேப்ஸ்யூல் இப்போது சுமார் 245 மி.மீ. நீளத்தை மட்டுமே நிரப்பும். ஒரே ஒரு மில்லிமீட்டர், ஒட்டு நீளத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. சோதனை மோசமாக வந்தால் ரெசின் மட்டம் என்று சப்ளையரிடம் சண்டைக்குப் போவோம், குற்றவாளி தேய்ந்த பிட்டாக இருக்கும். ஆகவே துளை விட்டம் அளக்கும் மைக்ரோமீட்டரை ஒட்டு விழும் உயரத்திலேயே, இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். வாயில் மட்டும் அளப்பது வீண் வேலை. பிட்டின் விட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். பாறையில் வெடிப்பு இருந்தால் ரெசின் அதற்குள் ஓடிவிடும், அப்போது கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உதவாது. அப்படிப்பட்ட துளையை விட்டுவிட்டு வேறு துளை போடுங்கள், விட்டதையும் குறித்து வையுங்கள்.

துளையை வழக்கமாக எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே போட வேண்டும். சோதனை என்பதற்காக நல்ல பிட், நல்ல ஆள், நிதானமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுதல் என்று செய்தால் அது அன்றாட போல்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. களிமண் கலந்த ஷேல் பாறையில் தண்ணீர் விட்டுத் துளைத்தால் சுவரில் வழவழவென்று ஒரு படலம் பூசிக்கொள்ளும், ரெசின் பாறையில் ஒட்டாமல் அந்தப் படலத்தில் ஒட்டும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த மாதிரிச் சமாச்சாரம்தான். கூரையில் அடுக்குக்கு அடுக்கு பாறை மாறினால் ஒரே உயரத்தில் மட்டும் சோதிக்காமல், துளை நீளத்தை மாற்றி இரண்டு மூன்று உயரங்களில் ஒட்டவைத்து இழுத்துப் பாருங்கள்.

போல்ட்டை ஏற்றும்போது சுழற்றும் நேரம் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும். குறைவாகச் சுழற்றினால் ரெசினும் கடினமாக்கியும் சரியாகக் கலக்காது. உறைய ஆரம்பித்த பிறகும் சுழற்றிக்கொண்டே இருந்தால் உருவாகும் பிடிப்பை நாமே உடைத்துவிடுவோம். டிரில் ஆபரேட்டரின் "ஒரு குத்துமதிப்பு" இங்கே ஆகாது, ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் ரெசின் மெதுவாக உறையும், சூட்டில் வேகமாக. எனவே கேப்ஸ்யூல் எங்கே வைக்கப்பட்டிருந்தது, எத்தனை நாளானது என்பதும் பதிவில் வர வேண்டும். சிமென்ட் கேப்ஸ்யூலாக இருந்தால் தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும் வரை ஊறவிடுங்கள், அவசரத்தில் அரைகுறையாக ஊறியதை ஏற்றினால் உள்ளே பொடி பொடியாகவே கிடக்கும். எவ்வளவு நேரம் கழித்து இழுப்பது என்பது சரக்கைப் பொறுத்தது. வேக ரெசினுக்கும் சிமென்ட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஒரே சரக்கை ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளி கழித்து இழுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

நிற்கும் இடம்

ஒட்டு போகும் வரை இழுக்கும் சோதனை போல்ட் என்பது கூரையைத் தாங்கும் வரிசையில் உள்ள போல்ட் அல்ல, அதற்கு மேல் கூடுதலாகப் போட்டது. சுற்றிலும் வழக்கமான தாங்கல் முழுமையாக இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். கூரையைத் தட்டிப் பார்த்து, தளர்ந்த கல்லை இறக்கிவிட்டுத்தான் ஜாக்கைத் தூக்க வேண்டும்.

ஜாக் தலைக்கு மேல் தொங்குகிறது, கம்பி அறுந்தால் ஜாக், கப்ளர், அறுந்த துண்டு மூன்றும் சேர்ந்து கீழே வரும். அதனால் ஜாக்கைச் சங்கிலியாலோ ஸ்லிங்காலோ பக்கத்துப் போல்ட்டில் கட்டிவிடுங்கள், நீளமான ஹோஸ் போட்டுப் பம்பைத் தள்ளி வையுங்கள், பாரம் ஏறியிருக்கும்போது போல்ட்டின் நேர்கோட்டில் தலையை நீட்டி டயல் கேஜைப் படிக்காதீர்கள். கேஜ் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து தெரியும்படி திருப்பி வைத்துவிட்டால் தள்ளி நின்றே படித்துவிடலாம். ஹோஸில் எண்ணெய் கசிந்தால் கை வைத்துத் தேடக் கூடாது, ஊசிமுனையளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும்.

இழுப்பது

ஜாக்கும் போல்ட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கூரை மேடுபள்ளமாக இருந்தால் முக்காலியின் கால்களையும் கோள வாஷரையும் வைத்துச் சரிசெய்யுங்கள், கோணலாக இழுத்தால் கம்பி வளைந்து, இழுவையோடு வளைவும் சேர்ந்துகொள்ளும். முக்காலியின் கால்கள் துளை வாயை விட்டுத் தள்ளி ஊன்ற வேண்டும். வாயை ஒட்டி ஊன்றினால், குறிப்பாக முழு நீளம் ஒட்டிய போல்ட்டில், நாம் பாறையை அழுத்தி அதன் பிடிப்பை நாமே கூட்டிவிடுகிறோம்.

டயல் கேஜின் கம்பம் தரையிலிருந்து நிற்க வேண்டும் என்றேன் அல்லவா, காரணம் இதுதான்: ஜாக்கின் சட்டத்திலோ பக்கத்துக் கூரையிலோ மாட்டினால், பாரம் ஏறும்போது சட்டமும் கூரையும் சற்று அசைவதும் போல்ட் நழுவியதாகக் கணக்கில் சேரும்.

முதலில் 5 கிலோநியூட்டன் அளவுக்கு லேசாக இழுத்து ஆட்டத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள், பிறகு டயலைச் சுழியத்துக்கு வையுங்கள். அப்புறம் 5 அல்லது 10 கிலோநியூட்டன் படிகளாக, நிமிடத்துக்கு 5 முதல் 10 கிலோநியூட்டன் வேகத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் முள் நிற்கும் வரை காத்திருந்து, பாரத்தையும் நகர்வையும் இரண்டாவது ஆள் எழுத வேண்டும். பம்ப் அடிப்பவரே எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். பம்பை நிறுத்திய பிறகும் டயல் முள் மெல்ல ஊர்ந்துகொண்டே, பிரஷர் முள் அதே நேரத்தில் இறங்கிக்கொண்டே வந்தால், முதலில் பம்ப் வால்வு கசிகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஒட்டு விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.

சோதனைக்கென்றே போட்ட போல்ட் என்றால் பாரம் ஏறாமல் நகர்வு மட்டும் கூடும் வரை போங்கள். உச்சத்தைத் தாண்டிய பிறகு எவ்வளவு பாரம் மிஞ்சுகிறது என்பதும் முக்கியம். உச்சத்துக்குப் பிறகு சடாரென்று விழும் போல்ட்டும், இழுத்தாலும் பிடித்துக்கொண்டே வரும் போல்ட்டும் கூரைக்கு ஒன்றல்ல. வேலையில் இருக்கும் போல்ட்டைச் சோதிக்கிறீர்கள் என்றால் வடிவமைப்பில் குறித்த சோதனைப் பாரத்தோடு நிறுத்திவிடுங்கள், அது மரையின் ஈல்ட் அளவுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

எண்களைப் படிப்பது

டயல் காட்டும் நகர்வில் எஃகு நீண்டதும் இருக்கிறது. 22 மி.மீ. கம்பியில் 1.5 மீட்டர் ஒட்டாமல் நின்றால், 100 கிலோநியூட்டனில் அந்த நீளம் மட்டுமே சுமார் 2 மி.மீ. நீளும். ஒவ்வொரு படியிலும் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஒட்டின் நகர்வு. கழிக்காமல் வரைந்த கோடு நல்ல ரெசினையும் மோசமாகக் காட்டும்.

பாரத்தையும் ஒட்டின் நகர்வையும் கோடாக வரையுங்கள். தொடக்கம் செங்குத்தாக ஏறி, ஓர் இடத்தில் சாயும். எந்த இடத்தை ஒட்டின் வலிமை என்று எடுத்துக்கொள்வது என்பதில் ஆளுக்கொரு கருத்து வரும், ஆகவே ஒரு விதியை வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்க முறையில் கோட்டின் சாய்வு ஒரு மி.மீ.க்கு 20 கிலோநியூட்டனுக்குக் கீழே போகும் இடம்தான் அது. களத்தில் பார்க்க எளிது: 10 கிலோநியூட்டன் படிக்கு ஒட்டு அரை மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். 40க்கும் 80 கிலோநியூட்டனுக்கும் நடுவில் உள்ள சாய்வை அவர்கள் விறைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் உச்சப் பாரத்தை விட இந்த விறைப்புதான் அதிகம் பேசுகிறது. கூரை இரண்டு மி.மீ. இறங்கும்போதே எதிர்க்கும் போல்ட் வேண்டும், பத்து மி.மீ. இறங்கிய பிறகு பலம் காட்டுவதால் அடுக்குகள் பிரிவதைத் தடுக்க முடியாது.

வெளியே வந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், துடைத்துப் பாருங்கள். கம்பியின் வரிகளுக்கு நடுவில் ரெசின் அறுந்து நின்றால், போனது கம்பிக்கும் ரெசினுக்கும் நடுவில் உள்ள பிடி. ரெசின் உறையோடு முழுசாக உருவி வந்து, உறையின் வெளிப்புறம் வழவழப்பாக மண் பூசியிருந்தால் பாறைச் சுவர்தான் குற்றவாளி, துளை கழுவும் முறையை மாற்ற வேண்டும். உறையோடு பாறைத் துகள்கள் ஒட்டி வந்தால் ரெசின் தன் வேலையைச் செய்துவிட்டது, பாறைதான் பலவீனம், ஒட்டு நீளத்தைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம். கேப்ஸ்யூலின் பிளாஸ்டிக் உறை கிழியாமல் கம்பியைச் சுற்றிக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டிருந்தாலோ, பிசுபிசுவென்று உறையாத ரெசின் இருந்தாலோ, துளை பெரிது அல்லது கலக்கியது போதவில்லை. ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு போல்ட்டுக்கு மருந்து வேறு வேறாக இருக்கலாம்.

ஒரே பாறை, ஒரே போல்ட், ஒரே ரெசின் என்றால் குறைந்தது ஐந்தையாவது இழுங்கள். சராசரியை மட்டும் எழுதாமல் மிகக் குறைந்ததையும் எழுதுங்கள், கூரை விழுவது சராசரியில் அல்ல. பாறை மாறினாலோ, தண்ணீர் வந்தாலோ, சப்ளையர் மாறினாலோ, பிட் அளவு மாறினாலோ பழைய எண்கள் செல்லாது.

மற்ற வகைகள்

நீளவாக்கில் பிளந்த குழாயைச் சற்றுச் சிறிய துளையில் அடித்து ஏற்றுவதால் உராய்வால் நிற்கும் பிளவுக் குழாய் போல்ட்டில் எல்லாமே துளை விட்டம்தான். 39 மி.மீ. குழாய் 35 முதல் 38 மி.மீ. வரையான துளையில் போகும், துளை அந்த மேல் எல்லையைத் தாண்டினால் பிடிப்பு சொத்தென்று விழுந்துவிடும். இழுக்கும் வளையத்தை அடிக்கும்போதே பிளேட்டுக்கும் குழாயின் விளிம்புக்கும் நடுவில் போட்டுவிட வேண்டும், பிறகு மாட்ட வழியில்லை. பதிவில் மொத்தப் பாரத்தோடு, பாறையில் பதிந்த ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்றும் எழுதுங்கள். பழைய குழாய் போல்ட் துருவால் அதிகமாகப் பிடித்துக் காட்டலாம், அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதே துரு குழாயைத் தின்றுகொண்டும் இருக்கிறது.

நட்டை முறுக்கி இழுவிசை ஏற்றும் போல்ட்டுக்கு டார்க்கை (முறுக்குவிசையை) அளக்கும் டார்க் ரெஞ்ச் சோதனை வேகமானது, தினமும் செய்யக் கூடியது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதிப்படி ஒவ்வொரு டிரில் ஹெட்டும் போட்ட முதல் போல்ட்டை உடனே பார்க்க வேண்டும், அதன்பின் நான்குக்கு ஒன்றாவது. ஆனால் டார்க் என்பது இழுவிசை அல்ல. 20 மி.மீ. மரையில் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், மரையின் உராய்வை எல்லாம் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் டார்க் குணகம் 0.2 என்று வைத்தால் 50 கிலோநியூட்டன் வரும். மரை எண்ணெயாக இருந்து 0.15 ஆனால் சுமார் 67, துருவேறி 0.3 ஆனால் 33. டார்க் சரியாக இருந்தும் போல்ட் தளர்வாக இருக்க முடியும். இழுவிசை ஏற்றாமல் முழு நீளம் ஒட்டிய போல்ட்டில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

முழு நீளம் ஒட்டியதா என்ற முதல் கேள்விக்கு இழுவையால் பதில் வராது என்றேன். சந்தேகம் பலமாக இருந்தால் போல்ட்டைச் சுற்றிப் பெரிய கோர் பிட்டால் துளைத்து, போல்ட், ரெசின், பாறை எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நேர்வழி. செலவும் நேரமும் பிடிக்கும். கம்பியில் அதிர்வு அனுப்பி எதிரொலியைப் படிக்கும் கருவிகள் உண்டு, அவற்றை இப்படி எடுத்துப் பார்த்த சில போல்ட்டுகளோடு ஒப்பிட்ட பிறகு நம்பலாம். அடுக்குகள் பக்கவாட்டில் நகர்ந்து போல்ட் வெட்டுப்படுவதையும் இழுவைச் சோதனை காட்டாது, அதற்கு ஸ்ட்ரெயின் கேஜ் (எஃகு எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் சிறு உணரி) ஒட்டிய போல்ட்டும் கூரை நகர்வை அளக்கும் கருவியும் வேண்டும்.

முடிந்ததும் அழுத்தத்தை முழுவதும் இறக்கி, டயலின் கடைசி அளவையும் எழுதிக்கொண்டு, பிறகுதான் கப்ளரைக் கழற்றுங்கள். உச்சம் வரை இழுத்த போல்ட்டின் தலையில் கண்ணில் படும் நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள், அடுத்த ஷிப்டில் வருபவர் அதை நம்பி வலையையோ குழாயையோ தொங்கவிடக் கூடாது. வேலையில் இருந்த போல்ட் சோதனைப் பாரத்துக்கு முன்பே நழுவியிருந்தால் அதன் பக்கத்தில் புது போல்ட் போட்ட பிறகே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும், அதே ஷிப்டில் அதே ஆள் போட்ட மற்ற போல்ட்டுகளில் சிலவற்றையும் அன்றைக்கே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.